முதுகைக் காட்டி உட்கார்ந்தவன்

அத்தியாயம் 4

வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கண்டக்டருக்கு அதைத் தாண்ட மனசு வரவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு, கதவு நிலையோடு ஒட்டி, பக்கவாட்டில் நுழைந்தார்.

"கூட்டமான பஸ்ல போய்ப் பழகின உடம்பு," என்று முணுமுணுத்தார்.

"வாயை மூடிட்டு வாப்பா," என்றார் மேடம். சொன்னவரும் செருப்பில் கால் படாமல் ஒதுங்கித்தான் வந்தார்.

கண்டக்டர் இப்போது கண்டக்டர் இல்லை. பஸ் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வேலை போய்ப் பல வருஷமாகிறது. விசில் போனது, தோள்பை போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேடம் தொழிலாளர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். கூண்டில் நின்று எந்தச் சாட்சி என்ன சொன்னாலும், ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்வார். அந்தப் பழக்கமே இப்போது அவருக்குப் பிழைப்பு. போலீஸ் கைகழுவிய விவகாரங்களும், போலீஸ் வாசலை மிதிக்கவே முடியாத விவகாரங்களும் அவரைத் தேடி வரும்.

இன்று அழைத்திருப்பவள் ஃபிட்டரின் மனைவி.

மில் தொழிலாளர் குடியிருப்பின் மாடியில் ஒற்றை அறை. ஆணியில் ஒரு சட்டை. ஒரு கை உள்பக்கம் திரும்பியபடியே தொங்கியது. அவசரத்தில் கழற்றியவன் திரும்பி வந்து சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பான். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அவள் அதில் உட்காரவில்லை. வந்தவர்களுக்கும் காட்டவில்லை. மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"தறியைச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்டுக்கு ஒரு மூடி போடுங்கன்னு கேட்டோம்," என்றாள். "அவ்வளவுதான் ஸ்ட்ரைக்கு. கூலி கூடக் கேக்கலை. மூடி இல்லாத ஷாஃப்ட்டு ஒரு பொண்ணோட கையை இழுத்துடுச்சு. அந்தப் பொண்ணு என் பக்கத்துத் தறி. நானும் தறிக்காரிதான்."

"மூடி முன்னாடி இருந்ததா?" என்று கேட்டார் மேடம்.

"இருந்தது. கழட்டிட்டாங்க. சுத்தம் பண்ண நேரமாகுதாம். கழட்டச் சொன்னதைச் சாயப்பட்டறையில ஒருத்தர் கண்ணால பாத்திருக்காரு. அவரைப் பாத்துப் பேசி சாட்சி சொல்ல வைக்கத்தான் எங்க வீட்டுக்காரரு போனாரு. மறுநாள் சாயத்தண்ணி ஓடுற கால்வாயில கிடந்தாரு. கால் வழுக்கிடுச்சுன்னு போலீஸ் எழுதிட்டாங்க." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "குளிப்பாட்டியும் நீலம் போகலை. இமை முடி வரைக்கும் நீலம்."

கண்டக்டர் எதையாவது சொல்லிச் சூழ்நிலையை லேசாக்குவதில் கெட்டிக்காரர். இப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப எங்க ஆளுங்களே என் தம்பியைப் பிடிச்சுப் பூட்டி வெச்சிருக்காங்க. ஸ்ட்ரைக் கமிட்டியில நாலு பேரு. அதுல இவரும் ஒருத்தர், என் தம்பியும் ஒருத்தன். அவங்க பேசுறதெல்லாம் முதல்லேருந்தே கம்பெனிக்குப் போயிட்டிருக்கு. அடியாள் வந்து அடிச்சப்போ எல்லாருக்கும் மண்டை உடைஞ்சது, என் தம்பிக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல. அதனால அவன்தான் காட்டிக்கொடுத்தான்னு முடிவு கட்டிட்டாங்க. சாயங்காலம் சங்கக் கொட்டகையில கூட்டம். போன ஸ்ட்ரைக்குல இப்படித்தான் ஒருத்தரைக் கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தினாங்க. அவரு இப்ப ஒத்தக் கால்ல நடக்குறாரு."

"எங்களை எதுக்கும்மா கூப்பிட்டே? தம்பியைக் காப்பாத்தவா?"

அவள் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள்.

"அவன்தானான்னு எனக்குத் தெரியணும். அவன்தான்னாலும் சொல்லுங்க, தாங்கிக்குவேன். ஆனா அவனை அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க."

மேடம் தலையசைத்தார். "அன்னைக்கு நடந்ததைச் சொல்லு."

"சொல்ல என்ன இருக்கு. தனியாச் சாயப்பட்டறைக்குப் போறாருன்னு தெரிஞ்சதுமே பயம் வந்துடுச்சு. பின்கேட்டுல வாட்ச்மேன் அண்ணன் இருக்காரு, பாத்துக்குவாருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"வாட்ச்மேன் சொந்தமா?"

"சொந்தம் மாதிரி. நான் பொறந்த தெருக்காரரு. எங்க கல்யாணத்தைப் பேசி முடிச்சதே அவருதான். கம்பெனி ஆளு, ஸ்ட்ரைக்குல சேர முடியாது. ஆனா எங்க மேல உயிரு. இவரைத் தூக்கிட்டுப் போகும்போது முன்னாடி தோள் கொடுத்ததும் அவருதான்."

எழுந்து வரும்போது கண்டக்டர் வாசலில் கொஞ்சம் நின்றார். "அந்தச் செருப்பை எடுத்து உள்ள வெச்சிடட்டுமாம்மா?"

"வேணாம்ணே," என்றாள். "கெடக்கட்டும்."

*

கமிட்டி கூடும் இடம் நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த கடிகாரக் கடையின் மாடி. ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோவாக இருந்தது. வெளிச்சத்துக்காகத் தெருப்பக்கச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. எதிர்ச்சுவரில் ஏரியும் மலையும் வரைந்த பழைய திரை இன்னும் தொங்கியது. அந்த ஏரிக்கரையில் வட்ட மேஜை போட்டு, அதைச் சுற்றி நான்கு நாற்காலிகள்.

"படம் எடுத்துக்கலாமா, தலைவரே?" என்றார் கண்டக்டர். "ஸ்ட்ரைக்கு தோத்துட்டாலும் ஏரிக்கரைக்குப் போய்ட்டு வந்தோம்னு காட்டலாம்."

தலைவர் சிரிக்கவில்லை. ஆள் கனத்த உடம்பு. தலையில் கட்டு. பழுப்பேறிய ரத்தம் துணியில் வட்டமாகக் காய்ந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் வைண்டிங் அக்கா என்று கூப்பிட்டார்கள். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. கமிட்டியில் ஒரே பெண்.

"இங்க பேசுறது வெளிய கேக்க வழியே இல்ல," என்றார் தலைவர். "ஒரே படி. யாரு ஏறினாலும் கட்டைச் சத்தம் கேக்கும். கீழ் கடையில ஆள் கிடையாது. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரேடியோவைப் போட்டுடுவோம். குரலைத் தாழ்த்திதான் பேசுவோம். கண்ணாடியைத் திறக்கறதே இல்ல. இங்க பேசினதை வீட்டுல பொண்டாட்டி புருஷன்கிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம். இதுக்கு மேல என்ன பண்ணணும்? அப்ப உள்ள இருந்த ஒருத்தன்தானே சொல்லியிருக்கணும்?"

"டீ சாப்பிடுவீங்களா?" என்றாள் வைண்டிங் அக்கா.

"எனக்குச் சர்க்கரை இல்லாம," என்றார் மேடம்.

"எனக்கு டீயே இல்லாம சர்க்கரை மட்டும் போதும்," என்றார் கண்டக்டர். "ஆனா கோப்பையில வரட்டும்."

தலைவர் எழுந்து கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"கம்பெனிக்குப் போனது எதெதுன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க," என்றார் மேடம்.

"முதல்ல நூல் லாரி. பின்கேட்டுல மறிக்கறதுன்னு நான் சொன்னேன். மறுநாள் பின்கேட்டுல போலீஸ் நிக்குது."

"அப்ப லாரி போயிடுச்சா?"

"இல்ல. நிறுத்திட்டோம். ரயில்வே கேட்டுல வெச்சு நிறுத்தினோம்."

"அங்க போலீஸ் இல்லையா?"

"இல்ல. கடைசி நேரத்துல மாத்தினோம். பின்கேட்டு வேணாம், ரயில்வே கேட்டு மூடினா லாரி தானா நிக்கும், அங்க வெச்சுப் பிடிக்கலாம்னு…" தலைவர் நிறுத்தினார்.

"யாரு சொன்னது?"

"அவன்தான். ஃபிட்டரோட மச்சான். இப்ப உள்ள இருக்கானே, அவன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி, நீ சொன்ன மாதிரியே செய்வோம்னேன்."

மேடம் கையில் பேனா இல்லை. ஆனால் அவர் வலது கை விரல்கள் மடியில் லேசாக ஓடிக்கொண்டிருந்தன. பேசுவதையெல்லாம் விரலால் எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்னும் விடவில்லை.

"அடுத்தது?"

"மேனேஜர் காரை மறிக்கறதுன்னு வெச்சோம். அடியாளுங்க தடியோட தயாரா நின்னாங்க. ஆனா அன்னைக்கும் பெருசா ஒண்ணும் ஆகலை," என்றாள் வைண்டிங் அக்கா. "முன்னாடி நாங்க பொம்பளைங்களா நின்னோம். அவனுங்க ஆம்பளைங்களை எதிர்பாத்து வந்திருந்தானுங்க. தடியை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சானுங்க."

"பெண்களை முன்னாடி நிறுத்தச் சொன்னது?"

அவள் தலைவரைப் பார்த்தாள். "அதுவும் அவன்தான்."

"அப்புறம் மண்டை உடைஞ்ச நாள்?"

"அது தலைவர் வீட்டுத் தெருவுல கூடுவோம்னு அவரே சொன்ன நாள். அவன் அன்னைக்கு வாயே திறக்கலை. காய்ச்சல்னு வீட்டுக்குப் போயிட்டான். அதான் அடி படலை."

"கடைசியா, ஃபிட்டர்."

தலைவர் தலைக்கட்டைத் தொட்டுக்கொண்டார். "நான்தான் போகச் சொன்னேன். உக்காந்திருந்தப்ப திடீர்னு தோணிச்சு. சாயப்பட்டறைக்காரர் இன்னைக்கு ஷிஃப்ட்டுல இருப்பாரு, இப்பவே போய்ப் பேசிடுன்னு சொன்னேன். தனியா அனுப்பாதீங்க, நானும் போறேன்னு அவன் சொன்னான். ரெண்டு பேரு போனா கண்ணுல படும், தனியாவே போகட்டும்னு நான் சொல்லிட்டேன். ஃபிட்டர் இந்த நாற்காலியை விட்டு எழுந்து நேரா படியிறங்கிப் போனாரு. வீட்டுக்குக்கூடப் போகலை. அதுக்கப்புறம் நாங்க பாத்தது கால்வாயிலதான்."

அறையில் ரேடியோ மட்டும் ஏதோ விலைவாசி சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சு தொடங்கும்போது பழக்கத்தில் தலைவர் அதைப் போட்டிருந்தார்.

"எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க," என்றார் மேடம். "அவனோட நாற்காலி எது?"

வைண்டிங் அக்கா காட்டினாள். கண்ணாடிக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த நாற்காலி.

"அதுல வெயில் முதுகைக் காய்ச்சும். யாரும் உக்கார மாட்டோம். அவன்தான் எங்கள்ல சின்னவன். அவன் தலையில கட்டிட்டோம்."

"கண்டக்டர், நீ போய் உக்காரு."

"எனக்கும் எப்பவும் பின்சீட்டுதான் மேடம்," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். உண்மையிலேயே முதுகு பொசுக்கியது.

படியில் கட்டைச் சத்தம் கேட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். தெருமுனை டீக்கடைக்காரி தட்டோடு ஏறி வந்தாள். கோப்பைகளை வைத்தாள். ஒன்றை மட்டும் தனியே மேடத்தின் முன்னால் நகர்த்தினாள். "இது சர்க்கரை போடாதது." கண்டக்டர் முன்னால் ஒரு கோப்பையை வைத்து, முழுக்கச் சிரிக்காமல் சொன்னாள்: "இது வெறும் சர்க்கரை. குடிங்க."

கோப்பையில் அடிமட்டத்துக்குச் சர்க்கரை இருந்தது. கண்டக்டர் ரசித்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மேடம் டீயைத் தொடவில்லை. டீக்கடைக்காரி இறங்கிப் போகும் வரைக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சர்க்கரை வேணாம்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்," என்றார் தலைவர்.

"எப்ப?"

"இப்பத்தாங்க. நீங்க கேட்டதும் சொன்னேனே."

"என் எதிர்லதான் உக்காந்திருந்தீங்க. எனக்குக் கேக்கலையே."

தலைவர் புரியாமல் பார்த்தார். "கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவ கீழ நின்னா. பாத்தா. சொன்னேன். அவளும் முன்னாடி தறிக்காரிதாங்க."

"கண்ணாடி மூடியிருக்கு, தலைவரே."

"மூடியிருந்தா என்ன? தறி ஓடும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. அங்க யாருங்க குரல்ல பேசுறது? வாயைத்தான் பாப்போம். நாலு தறி தள்ளி நிக்கிறவன் வீட்டுல நேத்து என்ன சண்டைன்னு கூடப் பேசிக்குவோம். சின்ன வயசுலேருந்து…"

அவர் பேச்சு மெதுவானது. வைண்டிங் அக்கா கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தாள். அதைச் சரியாக வைக்க அவளுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

கண்டக்டர் தலைவரின் வாயைப் பார்த்தார். அறைக்குள் வந்ததிலிருந்தே அவருக்கு அது ஒரு மாதிரியாகத்தான் பட்டது. குரல் ரகசியம் பேசுகிறது, உதடும் தாடையும் மேடையில் பேசுகிறது. சூயிங்கம் மெல்லுகிற மனுஷன் என்று மனதுக்குள் ஒரு கேலிகூடத் தயார் செய்து வைத்திருந்தார். வைண்டிங் அக்காவுக்கும் அதே வாய். ஒவ்வொரு சொல்லையும் வடிவம் கொடுத்து, வெளியே எடுத்து வைக்கிற வாய்.

"ரேடியோ போட்டீங்க, படியைப் பாத்துக்கிட்டீங்க, குரலைத் தாழ்த்தினீங்க," என்றார் மேடம். "வாயைத் தாழ்த்த மறந்துட்டீங்க. நூறு தறிக்காரங்க குடியிருக்கிற தெருவுல, இவ்வளவு பெரிய கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து, கூரை மேல ஏறிக் கத்தின மாதிரி பேசியிருக்கீங்க."

தலைவர் கை தானாக எழுந்து வாயை மூடியது.

"தெருவுலேருந்து பாத்தவங்களுக்கு உங்க வாய் தெரியும், அக்கா வாய் தெரியும், பக்கவாட்டுல ஃபிட்டர் வாய் தெரியும். ஒரு வாய் மட்டும் தெரியாது. ரயில்வே கேட்டுன்னு சொன்ன வாய். பொம்பளைங்களை முன்னாடி நிறுத்துங்கன்னு சொன்ன வாய். அது சொன்னது எதுவுமே கம்பெனிக்குப் போகலை. நீங்க சொன்னது மட்டும்தான் போயிருக்கு. அவன் காட்டிக்கொடுத்திருந்தா தான் சொன்னதையா மறைச்சிருப்பான்? இந்த அறையில காட்டிக்கொடுக்காத ஒருத்தன் இருந்தான். அவனைத்தான் பூட்டி வெச்சிருக்கீங்க."

"நாங்க யாரும் வேணும்னு…" என்று வைண்டிங் அக்கா ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கண்ணாடிக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தலைவர் எழுந்துவிட்டார். "கொட்டகையில எப்பவோ ஆள் சேர ஆரம்பிச்சாச்சு. நான் போய் நிறுத்தறேன். ஆனா மேடம், நான் இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க. ஃபிட்டர் மச்சானைக் காப்பாத்தக் கதை கட்டறேன்னுவாங்க. பாத்தது யாருன்னு கேப்பாங்க. ஆளைக் காட்டாம அந்தக் கதவைத் திறக்க விடமாட்டாங்க."

"நீங்க போய்க் கதவுக்கு முன்னாடி நில்லுங்க. வர்றோம்."

இருவரும் இறங்கிப் போனார்கள். படிக்கட்டுச் சத்தம் அடங்கியது. மேடம் எழுந்து ரேடியோவை நிறுத்தினார். வெயில் சாய்ந்து, கண்ணாடி வழியே ஏரித் திரையில் பாதி வரைக்கும் ஏறியிருந்தது.

"எத்தனை ஜன்னல் மேடம், இதுல எந்த ஜன்னல்னு தேடறது? டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒவ்வொரு சீட்டா போகணும்," என்றார் கண்டக்டர், நாற்காலியை விட்டு எழுந்து கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி நின்றபடி.

மேடம் திரையில் வரைந்திருந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேட வேணாம்."

"தெரிஞ்சிடுச்சா?"

"ஃபிட்டர் இங்கேருந்து நேரா போனாரு. வீட்டுக்குப் போகலை. யார்கிட்டயும் சொல்ல நேரமில்லை. அவருக்கே அப்பத்தான் தெரியும். சரியா?"

"சரி."

"காலையில அந்தப் பொண்ணு என்ன சொன்னா? 'தனியாச் சாயப்பட்டறைக்குப் போறாருன்னு தெரிஞ்சதுமே பயம் வந்துடுச்சு. பின்கேட்டுல வாட்ச்மேன் அண்ணன் இருக்காரு, பாத்துக்குவாருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.' அவளுக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"

கண்டக்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஜன்னலோரத்து நாற்காலி ஞாபகம் வந்தது. பிறகு எல்லாமே மொத்தமாக வந்து இறங்கியது. ஓடுகிற பஸ்ஸின் என்ஜினை மீறிப் பேசிப் பேசி அகன்ற வாய் அவருக்கு. அதை அடக்கிப் பேசத் தெரியாது.

"அப்ப அந்தப் பொண்ணுதானா பாத்தது? புருஷன் என்ன ஆபத்துல மாட்டப் போறாரோன்னு தினம் இங்க பாத்துக்கிட்டிருந்து, போய் அந்த வாட்ச்மேன்கிட்டயே சொல்லியிருக்கா. அண்ணே, இங்க போறாரு, பாத்துக்கங்கன்னு. அவன் நேரா மேனேஜர்கிட்ட. அப்ப ஃபிட்டர் சாவுக்கு அவளே…"

எதிர் மாடி ஜன்னலில், நாற்காலியில், அவள் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் என்ன பதில் வருமோ என்று காத்திருப்பவள் வேறு எங்கே உட்கார்ந்திருப்பாள். அவள் கண் கண்டக்டரின் வாயில் இருந்தது. நகரவேயில்லை.

கண்டக்டர் வாயை மூடினார். அதனால் இனி என்ன பயன்.

"என்னப்பா?" என்றார் மேடம். அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

நாற்காலி காலியாக இருந்தது.

*

அவர்கள் இறங்கி வருவதற்குள் அவள் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. வேலைக்குப் போகிற நடை. கண்டக்டர் மூச்சிரைக்க அவளோடு சேர்ந்துகொண்டார்.

"அண்ணே," என்றாள், நடையை நிறுத்தாமல். "நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

"என் வாயைப் பாத்து என்னத்தம்மா புரிஞ்சுக்க முடியும். நான் பஸ்காரன். எங்களுக்கெல்லாம் ஸ்டாப்பிங் பேரே சரியாச் சொல்லத் தெரியாது."

"நீங்க நல்லா வாயைத் திறந்து பேசுறீங்க," என்றாள்.

கண்டக்டர் அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவில்லை.

மேடம் அவளுடைய மறுபக்கம் வந்தார். "பொண்ணே. நீ சொன்னது அவரைக் காப்பாத்தத்தான்."

"ஒவ்வொரு தடவையும் சொன்னேன்." அவள் குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. "லாரி அன்னைக்கும் சொன்னேன். மேனேஜர் கார் அன்னைக்கும் சொன்னேன். அடிதடி ஆயிடுமோன்னு பயம். அவரைக் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணேன்னு சொல்லுவேன். வாட்ச்மேன் அண்ணன் என் தலையில கை வெச்சு, நான் இருக்கேன் போன்னுவாரு. அன்னைக்கும் கை வெச்சாரு."

"கூட்டத்துல நான் பேசறேன். உன் பேரு வராம சொல்லப் பாக்கறேன்."

"பேரு இல்லாம விடமாட்டாங்க. எனக்கு அவங்களைத் தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான்." கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னாள்: "என் தம்பி உள்ள இருக்கான்."

கொட்டகையைத் தூரத்திலிருந்தே கேட்க முடிந்தது. தகரக் கூரைக்கடியில் நூற்றுக்கணக்கான தொண்டைகள். உள்ளே நுழைந்ததும் கண்டக்டருக்கு வியர்வை வாடையும், அதற்கடியில் வேறொன்றும் மூக்கில் ஏறியது. அவருடைய வேலைநிறுத்தத்தில் பஸ் எரிந்த நாளில் அவர் அறிந்த வாடை அது. இன்னும் எதுவும் எரியவில்லை, எரியப் போகிறது. கடைசியில், சங்க ஆபீஸ் சாமான் அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால், தலைவர் இரண்டு கையையும் விரித்து நின்றார். அவர் தலைக்கட்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"ஆளைக் காட்டு," என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "ஆளைக் காட்டு, இல்ல ஒதுங்கு."

அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். ஃபிட்டரின் மனைவிக்கு அந்தக் கூட்டத்தில் எல்லோரும் வழி விடுவார்கள். தம்பியைச் சபிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கலாம். அவள் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

பேச வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

எச்சில் விழுங்கி மறுபடி முயன்றாள். காற்றுகூட வரவில்லை. கண்டக்டர் தண்ணீர் தேடினார். மேடம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அவள் குரலை விட்டுவிட்டாள். கண்ணை மூடித் திறந்து, தறிக்கு முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, வாயால் மட்டும் சொல்ல ஆரம்பித்தாள்.

முன்வரிசை முதலில் அடங்கியது. பிறகு அதற்குப் பின்னால். விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவதுபோல் அமைதி கொட்டகையின் கடைசி வரைக்கும் போனது. பின்னால் இருந்தவர்கள் எக்கி நின்று பார்த்தார்கள். தகரத்தில் ஒரு காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. அவள் உதடுகள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. ஒரு இடத்தில் கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக் காட்டினாள்.

அத்தனை பேருக்கும் புரிந்தது. புரியாதவர்கள் இரண்டே பேர். கண்டக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். காலமெல்லாம் அடுத்தவர் சொல்லைப் பிடித்துவைத்த மேடத்தின் விரல்கள் அசையாமல் கிடந்தன.

அவள் முடித்துவிட்டாள் என்பது கண்டக்டருக்கு எதிரிலிருந்த முகங்களில்தான் தெரிந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் அவளை நேராகப் பார்க்கவும் இல்லை. தலைவர் திரும்பி, மடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

வெளியே வந்தவன் மெலிந்த இளைஞன். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இத்தனை பேர் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்துப் பயந்து சுவரோடு ஒட்டினான். பிறகு பெஞ்சின் மேல் நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் அவனுக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை சுருக்கமாக இருந்தது.

அவன் சுவரை விட்டு விலகினான். அப்புறம் போய், கையை நீட்டி, அவளைப் பெஞ்சிலிருந்து இறக்கினான். அவன் வாய் அசைந்தது.

"என்ன சொல்றான்?" என்று கண்டக்டர் வைண்டிங் அக்காவிடம் கிசுகிசுத்தார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பசிக்குதுக்கா, வீட்டுக்குப் போலாம்கிறான்."

இரண்டு பேரும் கூட்டத்தின் நடுவே நடந்து போனார்கள். அவன் கை அவள் தோளில் இருந்தது. கொட்டகையின் வாசலைத் தாண்டி அவர்கள் இடது பக்கம் திரும்பியதும், கூட்டம் அசைந்தது. வலது பக்கம். மில்லின் பின்கேட்டுப் பக்கம்.

கோஷம் இல்லை. ஒருவர்கூடக் குரல் எழுப்பவில்லை. எத்தனையோ ஊர்வலத்தில் நடந்தவர் கண்டக்டர். கத்துகிற கூட்டத்துக்கு அவர் ஒருநாளும் பயந்ததில்லை. இது வேறு. முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பின்னால் வருகிறவர்களிடம் வாயை அசைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கையில் தறிக்கட்டை வைத்திருந்தவர்கள் அதைத் தோளிலிருந்து இறக்கிப் பிடித்தார்கள்.

"தலைவரே, நிறுத்துங்க," என்றார் மேடம்.

"எப்படி நிறுத்தறது? திரும்பிப் பாத்தாத்தானே நான் சொல்றது தெரியும். யாரும் திரும்பலையே."

மேடம் கண்டக்டரின் தோளைப் பிடித்துத் தள்ளினார். "ஓடு. சந்து வழியா ஓடு. அந்த வாட்ச்மேன் உயிரோட வேணும். கால்வாய்ல தள்ளச் சொன்னது யாருன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் போயிட்டா, செத்தவர் கால் வழுக்கி விழுந்ததாவே இருந்துடும். கொன்னவங்க பட்டியல்ல இவங்க பேருதான் இருக்கும்."

கண்டக்டர் ஓடினார். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறிய காலம் போய்விட்டது என்று முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் சொன்னது. சந்தின் கடைசியில் சாயக் கால்வாய். தண்ணீர் அந்த வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. அதைத் தாண்டிப் பின்கேட்டு. கேட்டுக்கு உள்ளே ஒரு முக்காலியில், இடுப்பில் சாவிக்கொத்தோடு, வயசான ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்த, நல்ல முகம். கல்யாணம் பேச அழைத்துப் போகக்கூடிய முகம்.

அவர் எழுந்து கண்ணைச் சுருக்கித் தெருவைப் பார்த்தார். கூட்டம் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, எல்லாரும் வராங்க, சத்தத்தையே காணோம்?" என்றார், புன்னகையோடு. "சமாதானம் ஆயிடுச்சா?"

கண்டக்டர் கேட்டுக்குள் நுழைந்து, அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி, உள்பக்கமிருந்து பூட்டினார். பூட்டு உடனே விழவில்லை. விழுந்ததும் திரும்பி, அந்த நல்ல முகத்தின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"யாரு செய்யச் சொன்னது?" என்றார். "அவங்க இந்தக் கேட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள சொல்லிடு."